பூதம் பாத்திரம் தேய்க்கும் காட்சி

இலையில் குவித்திருந்த சோற்றில் யாரோ கை வைத்திருந்தார்கள்.

திரை இன்னும் விலகவில்லை. மேடை நடுவில் ஒரு பாய், அதன் முன்னால் வாழை இலை, இலையில் ஆவி பறக்கும் சோறு, எட்டும் தூரத்தில் குழம்புச் சட்டி, பின்னால் ஒரு அடுப்பு மேடையும் இரும்பு மேஜையும். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் சுனிதா அதைக் கரண்டியால் தட்டிக் கூம்பாக்கி வைத்துவிட்டுப் போனாள். இப்போது உச்சியில் நான்கு விரல் அளவுக்குப் பள்ளம். குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் சோற்றில் குழி பறிப்பார்களே, அதேதான். மேடையில் ஈ காக்கை இல்லை. எலி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், எலிக்கு ஏது இத்தனை பெரிய விரல்? சுனிதா பள்ளத்தை மூடிவிட்டாள். நாடகம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது, பயப்படுவதற்கெல்லாம் அவள் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ஸ்ரீராம்புரம் சமுதாயக் கூடத்தில் பேட்டை ஆண்டு விழா. திரைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தம், குழந்தைகளின் கூச்சல், வாசலில் பொரியும் போண்டாவின் எண்ணெய் வாசம், நானூறு பேருடைய வேர்வை, வாடிய மல்லி, தகரக் கூரையிலிருந்து இறங்கும் மே மாத வெக்கை, அவ்வப்போது மேலே மெட்ரோ கடக்கும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும் ஓசை. எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தன. மட்டன் குழம்பின் வாசத்துக்கு அடியில் லேசாகப் புகையிலையும் ஈரக் காக்கித் துணியும் கலந்து ஒரு நெடி வந்ததுதான் அவளுக்குப் புரியவில்லை.

நாடகத்தை எழுதியது அவள் கொழுந்தன் தினேஷ். இருபத்தைந்து நிமிடக் காமெடி. செத்துப்போன ஒரு குடும்பத் தலைவரின் சட்டையை மாட்டிக்கொண்டு பூதம் ஒன்று அந்த வீட்டுக்குள் நுழைகிறது. பயமுறுத்தத்தான் வருகிறது, பாவம். ஆனால் அந்த மனுஷனோடு நாற்பது வருஷம் குப்பை கொட்டிய பொம்பளைக்குப் பூதமெல்லாம் எந்த மூலைக்கு? கத்தியது போதும், போய்ப் பாத்திரம் தேய் என்கிறாள். பூதம் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறது. கடைசியில் அழுதுகொண்டே ஓடிப்போகிறது. ஒத்திகையில் அந்தப் பாத்திரம் தேய்க்கும் காட்சிக்குச் சிரிக்காத ஆள் கிடையாது.

நடிப்பவர்களும் வீட்டு ஆட்களேதான். மனைவியாகச் சுனிதாவின் மாமியார் சந்திரம்மா, மகனாகத் தினேஷ், பூதமாகச் சுனிதாவின் புருஷன் நரேஷ். சுனிதாவுக்கு மேடை ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. தினேஷ் கன்னடப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ் வசனத்தை முழுக்கக் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருந்தான். சந்திரம்மாவுக்கோ எந்த எழுத்தும் தெரியாது. எல்லாம் காதில் விழுந்து வாயில் வர வேண்டும், அதுவும் வலது காதில். இடது காது கேட்காது.

அந்த இடது காதைச் செவிடாக்கியவர் கோவிந்தப்பா. சந்திரம்மாவின் புருஷன், குப்பை லாரி டிரைவர், இறந்து பதினொரு மாதம் ஆகிறது. அவளுடைய முன்பல் இரண்டு போனதும், வலது கைச் சுண்டுவிரல் மடங்காமல் போனதும் அவர் புண்ணியம்தான். அடிக்கப்போவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தை நிதானமாகக் கழற்றி அலமாரியில் வைப்பாராம். கடிகாரம் உடைந்துவிடக் கூடாதல்லவா! பேட்டையில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் தினேஷ் எழுதினான். "எல்லாரும் சேந்து ஒரு தபா கெக்கெக்கென்னு சிரிச்சிட்டா, அம்மாவுக்கு அந்தப் பயம் போயிடும் அண்ணி. சக்கத்தா இருக்கும் பாருங்க" என்றான். சுனிதாவும் நம்பினாள்.

வெறும் இலை போதும், நடிப்புதானே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "வெத்து இலைய ஒருத்தர் முன்னாடி எப்படிம்மா போடறது? எனக்குக் கை வராது" என்றாள் சந்திரம்மா. காலையிலேயே மட்டன் எடுத்துக் குழம்பு வைத்தாள். வறுத்த கருவாடு, பாதி வெங்காயம், ஓரத்தில் உப்பு, ஒரு கிளாஸ் பிராந்தி. அவர் சாப்பிட உட்காரும்போது எது எங்கே இருக்குமோ அங்கங்கே அவள் கை தானாக வைத்தது. நாடகத்துக்குப் போட்ட இலை மாதிரி இல்லை அது. படையல் மாதிரி இருந்தது. சுனிதாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பதினாறாம் நாள் படையலில் நரேஷ் மூன்று முறை கூப்பிட்டும் ஒரு காக்கைகூட வந்து தொடவில்லை. சடங்கு நடத்திய ஞானசேகரன், பெண்டாட்டி கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறான் போல என்று சிரித்தார். கூப்பிடுகிற வாய்தான் போய் வா என்று அனுப்பியும் வைக்க வேண்டும், வேறு யார் சொன்னாலும் செல்லாது என்றார். சந்திரம்மா வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைய சோறு சாயங்காலம் வரைக்கும் காய்ந்து கிடந்து நாய்க்குப் போயிற்று.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நரேஷ் பூதமாகிக்கொண்டிருந்தான். தேங்காய் நார் ஒட்டிய பழைய ஹெல்மெட், அதற்குச் சிவப்புத் துணியில் நாக்கு, கோணிச் சாக்கில் கால்சட்டை, மேலே அப்பாவின் நிஜமான காக்கிச் சட்டை. சிவாஜிநகர் துணிக்கடையில் நாள் முழுக்கச் சேலை மடித்து மடித்து அவன் உள்ளங்கை வழவழப்பாக இருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தக் கை யார் மேலும் ஓங்கியதில்லை. அந்த வீட்டுக்கு வாழப் போகாதே என்று ஊரே சொன்னபோது அவள் இந்தக் கையை நம்பித்தான் வந்தாள்.

"சுனி, சட்டைய துவைச்சியா?"

"மூணு தபா துவைச்சேன். ஏன்?"

"நாறுது. அவரு நாத்தம்."

அவள் முகர்ந்து பார்த்தாள். காலையில் சோப்பு வாசம் இருந்தது. இப்போது இல்லை.

"வேணாம்னா கழட்டிடு."

"சும்னிரு. தினேஷு அழுவான்" என்று சிரித்தான். அவள் ஹெல்மெட்டின் வாரை அவன் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி. அதில் அவளுடைய முகம்தான் தெரிந்தது.

மணி அடித்தது. திரை விலகியது. தினேஷ் மேடைக்கு வந்து, அப்பா செத்த அன்று ராத்திரிதான் பேட்டையில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்றான், கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சந்திரம்மா ஒத்திகையைவிடப் பிரமாதமாகச் செய்தாள். இடுப்பில் கை வைத்து, மூக்கைச் சிந்தி, அந்த மனுஷன் தலைகாணிக்குக்கூட உதை கொடுத்துத்தான் தூங்குவான் என்றாள். நாற்பது வருஷம் குனிந்தே நடந்த பொம்பளை நிமிர்ந்து நின்று ஒரு கூடத்தையே சிரிக்க வைக்கிறாள். சுனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்ப்பக்க ஓரத்தில் எத்திராஜ் இரண்டு மரப்பலகைகளை வைத்துக்கொண்டு தயாராக நின்றார். மேடையில் அடி விழும்போது பலகையைத் தட்டிச் சத்தம் கொடுக்க வேண்டியது அவர் வேலை, திரைக் கயிறும் அவர் கையில்தான்.

அப்போதுதான் மழை பிடித்தது. தகரத்தின் மேல் யாரோ கூடை கூடையாக ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல், அதனூடே புழுதி நனைந்த வாசம், ஜன்னலில் வெளிச்சம் மங்கி மேடை விளக்கு மட்டும் மஞ்சளாக மிஞ்சி, ஆட்களின் நிழல் பின்னால் தொங்கிய துணியில் பெரிதாக விழுந்தது.

சந்திரம்மா இலையின் முன் நின்றாள். "வாய்யா பூதம், வந்து சாப்பிடு" என்பதுதான் வசனம். சுனிதா எடுத்துக் கொடுத்தாள். சந்திரம்மா சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரக் கூப்புடறே? பேர் சொல்லிக் கூப்புடு சந்திரம்மா!"

"ஹெசரு ஹேளு!" என்று அதையே கன்னடத்தில் இன்னொருவர். விசில் பறந்தது. பேர், பேர் என்று நானூறு பேரும் கை தட்டத் தொடங்கினார்கள். சந்திரம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஓரத்தில் நின்ற மருமகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சுனிதா தலையை ஆட்டினாள். ஏன் வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. சந்திரம்மா பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பொருட்படுத்தவில்லை. கை தட்டலின் போதை அது. தலையை நிமிர்த்தி, வாழ்நாளில் முதல் தடவையாக, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"டேய் கோவிந்தப்பா! வாடா! கோவிந்தப்பா! வந்து கொட்டிக்கோடா! கோவிந்தப்பா!"

மூன்று முறை.

கூடம் எழுந்து நின்று கொண்டாடியது. அந்த ஆரவாரத்துக்கு நடுவில், பின் அறையிலிருந்து பூதம் வந்தது.

உறுமிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, பாயில் தடுக்கி விழுந்து வர வேண்டும். அப்படி வரவில்லை. நடந்து வந்தது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து, வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆள் மாதிரி. நரேஷ் அப்படி நடக்க மாட்டான். பூதம் மேடை நடுவில் நின்று, சுவரைப் பார்த்தது, அடுப்பைப் பார்த்தது, இலையைப் பார்த்தது. புகையிலை நெடி இப்போது ஓரம் வரைக்கும் வந்தது.

"கத்தினது போதும், போய்ப் பாத்திரம் தேய்" என்றாள் சந்திரம்மா. பூதம் கத்தவேயில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

கூட்டம் சிரிக்கத் தயாராயிற்று.

பூதம் தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்தது. அங்கே எதுவும் இல்லை. இல்லாத வாரை நெம்பி, இல்லாத கடிகாரத்தைக் கழற்றி, நிதானமாக, மிக நிதானமாக, அடுப்பு மேடையின் மேல் வைத்தது.

சந்திரம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கால் மட்டும் இரண்டடி பின்னால் போனது.

முதல் அறை வாயில் விழுந்தது. பட் என்று சத்தம். கூட்டம் வெடித்துச் சிரித்தது. இரண்டாவது. மூன்றாவது. பட். பட். சத்தம் கச்சிதமாக இருக்கிறதே, எத்திராஜ் அண்ணன் சரியாகத் தட்டுகிறாரே என்று சுனிதா எதிர்ப்பக்கம் பார்த்தாள். எத்திராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பலகை இரண்டும் அவர் காலடியில் கிடந்தன.

பட்.

சந்திரம்மா விழுந்தாள். விழுந்தவள் முழங்காலை வயிற்றோடு சேர்த்து, இரண்டு முன்கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துச் சுருண்டுகொண்டாள். ஒத்திகையில் யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பூதம் கைகளுக்கு நடுவில் வாயைப் பார்த்து உதைத்தது. அவளுடைய கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணி, அப்படியே தொங்கியது. கூட்டத்தில் விசில்.

"இன்னாப்பா, வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டே" என்று தினேஷ் சமாளித்துக்கொண்டு குறுக்கே வந்தான். அதற்கும் சிரிப்பு. அவன் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, பைத்தியமா உனக்கு? அம்மாவுக்கு ரத்தம் வருது. விடு."

பூதம் அவன் கையைப் பிடித்து முறுக்கியது. பச்சைக் கிளை முறிகிற சத்தம். தினேஷ் அலறினான். அலறலுக்குக் கை தட்டினார்கள். சட்டைக் காலரைப் பிடித்து, இரும்பு மேஜையின் விளிம்பில் அவன் தலையை ஒரு தரம் மோதியது. இன்னொரு தரம். இன்னொரு தரம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. விரலைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. சிரிப்பு முன்வரிசையில் நின்றது. அப்புறம் அடுத்த வரிசையில். பின்வரிசைக்காரர்கள் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் இல்லை. மழை மட்டும்.

தினேஷ் மேஜையின் கீழே கிடந்தான். அவன் கால் கொஞ்ச நேரம் தரையை உதைத்தது. நின்றுவிட்டது.

எத்திராஜ் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். பூதம் அதை அவரிடமிருந்து பிடுங்கி, அதன் விளிம்பாலேயே அவர் முழங்காலில் போட்டது. அவர் உட்கார்ந்த வாக்கில் ஊர்ந்தே தப்பினார். கூட்டம் வாசலுக்குப் பாய்ந்தது. நாற்காலிகள் உருண்டன. ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒருத்தரும் மேடைப் பக்கம் வரவில்லை.

சுனிதா போனாள். எப்படிப் போனாள் என்று தெரியாது. பின்னாலிருந்து அதன் முதுகில் ஏறி, ஹெல்மெட் வாரைத் தேடினாள். சட்டை நெடி மூச்சை அடைத்தது. கொக்கி கழன்றது. ஹெல்மெட் உருண்டு போனது.

உள்ளே நரேஷ்தான் இருந்தான்.

அவன் அழுதுகொண்டிருந்தான். முகம் முழுக்கக் கண்ணீரும் சளியும். எவ்வளவு நேரமாகக் கத்தியிருக்கிறானோ, குரல் போய்விட்டிருந்தது.

"நானில்ல சுனி. என் கை... என் கையப் புடி. புடி சுனி, புடி..."

அவள் பிடித்தாள். இரண்டு கையாலும். அந்த வழவழப்பான உள்ளங்கையை நெஞ்சோடு சேர்த்து, தன் எடையெல்லாம் போட்டு அழுத்தினாள். கை ஒரு நொடி அசையாமல் இருந்தது. அப்புறம் அவள் பிடியிலிருந்து சுளுவாக விலகி, விரல்களை மடக்கி, அவள் வாயில் குத்தியது. பல் ஒன்று தொண்டைக்குள் போயிற்று. குத்தியபோது அவளைவிட நரேஷ்தான் பெரிதாக அலறினான்.

கூப்பிடுகிற வாய்தான் அனுப்பவும் வேண்டும்.

சுனிதா தவழ்ந்தாள். மேடைப் பலகை வழுக்கியது. சந்திரம்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தாள். மூச்சு இருந்தது.

"அத்தே. போன்னு சொல்லுங்க. நீங்கதான் கூப்டீங்க. ஒரே ஒரு தபா. போய் வான்னு சொல்லுங்க அத்தே!"

சந்திரம்மாவுக்குப் புரிந்தது. கண்ணில் தெரிந்தது. நாக்கு அசைந்தது. ஆனால் தாடை ஒரு பக்கம் தொங்குகிறதே. உதடு சேரவில்லை. ரத்தம் குமிழியிட்டது. ம் என்றும் இல்லாமல் ஆ என்றும் இல்லாமல் ஒரு சத்தம். சுனிதா அந்தத் தாடையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினாள். எலும்பு உள்ளே உரசியது. சந்திரம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது. மறுபடி அதே சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. அந்தப் படுபாவி முதல் அடியிலிருந்தே வாயை ஏன் குறி பார்த்தான் என்று அப்போது சுனிதாவுக்குத் தெரிந்தது. "போ! கோவிந்தப்பா, போ!" என்று அவளே கத்தினாள். கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது. யாரும் போகவில்லை.

பின்னால் பாய் சரசரத்தது.

உட்கார்ந்துவிட்டது. சம்மணம் போட்டு, இலையின் முன்னால். பிராந்தியை ஒரே மடக்கில் விட்டுக்கொண்டது. குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தது. உருட்டி நரேஷின் வாயில் திணித்தது. அவன் ஓங்கரித்தான். மறுபடி திணித்தது. அவன் மென்றான். விழுங்கினான். கண் மட்டும் அவளையே பார்த்தது.

சந்திரம்மா அசைந்தாள். சுனிதாவின் கையை விலக்கினாள். முழங்காலில் எழுந்தாள். ஓடப்போகிறாள் என்று சுனிதா நினைத்தாள். அவள் ஓடவில்லை. குழம்புச் சட்டியிடம் தவழ்ந்து போய்க் கரண்டியை எடுத்தாள். தாடையிலிருந்து சொட்டுவது இலையில் விழாதபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குனிந்து பரிமாறினாள்.

மழை விட்டிருந்தது. கூடம் காலி. வாசலில் ஒற்றைச் செருப்புகள். ஒரு மெட்ரோ போயிற்று.

இலை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாயிற்று. அந்தக் கை இலையின் மேல் விளிம்பைப் பிடித்தது. சாவுச் சோறு தின்றவன் இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்து போவான். இந்தக் கை தன் பக்கமாக மடித்தது. இருக்கப்போகிறவன் மடிக்கிற மடிப்பு. மெதுவாக. நீவி நீவி.

"சுனி..." என்று நரேஷ் வாயைத் திறந்தான்.

அவனுடைய வலது கை, சோறு ஒட்டிய விரல்களோடு மேலே எழுந்து, அவனுடைய வாயை அழுத்தி மூடியது. விரல்களுக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன.